கழிவிலிருந்து எரிவாயு, எரிவாயுவிலிருந்து மின்சாரம்: ஸ்ரீவராகத்துக்கு ஒரு கணக்கு

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகம், வராகமூர்த்தி கோயிலையும் அதன் அகன்ற குளத்தையும் நடுவாகக் கொண்டு வளர்ந்த குடியிருப்பு. கோட்டை, வலியசாலை, கரமனை ஆகிய பகுதிகளைப் போலவே இங்கும் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்கள், சிறு உணவகங்கள், மாணவர் விடுதிகள், திருமண மண்டபங்கள், எட்டும் தொலைவில் சாலைக் கடைத்தெரு என்று அமைந்த இத்தகைய ஓர் இடத்தில் நாள்தோறும் இரண்டு கவலைகள் எழுகின்றன. சமையலறைக் கழிவை எங்கே கொண்டுசேர்ப்பது என்பது ஒன்று. மழைக்காற்றில் மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தாலோ, கோடையில் மின்மாற்றி சுமை தாங்காமல் நின்றாலோ, அடுத்த சில மணி நேரத்தை எவ்வாறு கடப்பது என்பது மற்றொன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தீர்க்க இயலுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. இயலும். ஆனால் பொதுவாக எண்ணப்படும் வழியில் அன்று.

முதற்கவலையின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வது நல்லது. திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை 2000-ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை என்னும் கிராமத்திலிருந்த உரத் தொழிற்சாலைக்குச் சென்றது. கழிவு பெருகியது, ஆலையால் அதைச் செரிக்க இயலவில்லை, கசிவுநீரும் துர்நாற்றமும் அக்கிராமத்தாரின் வாழ்வைக் கெடுத்தன. மக்கள் போராட்டத்தின் விளைவாக 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. ஒரே நாளில் நகரத்தின் குப்பைக்குப் போக்கிடம் இல்லாமற் போயிற்று. தெருமுனைகளில் எரித்தார்கள், பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். அந்த நெருக்கடியில்தான் 'கழிவு தோன்றும் இடத்திலேயே தீர்வு' என்னும் கொள்கை இந்நகரில் வேரூன்றியது. குழாய் உரக்கலன், வீட்டு உரப்பெட்டி, தும்பூர்முழி முறை உரத்தொட்டி, எரிவாயுக் கலன் ஆகியன தெருத்தெருவாகப் பரவின. கொள்கை முழுமையாகக் கைகூடிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2024 ஜூலையில் தம்பானூர் அருகே ஆமையிழஞ்சான் கால்வாயில் குவிந்து கிடந்த குப்பையை அகற்ற இறங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நாம் முடிச்சிட்டு வீசும் நெகிழிப் பை எங்கேனும் ஓரிடத்தில் ஒருவருடைய வேலையாகவோ ஒருவருடைய ஆபத்தாகவோ மாறுகிறது.

இரண்டாம் கவலையும் இம்மாநிலத்துக்குப் புதிதன்று. கேரளத்தின் சொந்த மின் உற்பத்தி பெரும்பாலும் நீர்மின் நிலையங்களைச் சார்ந்தது. தேவையின் பெரும்பகுதி வெளியிலிருந்து விலைக்கு வாங்கப்படுகிறது. பருவமழை பொய்த்தாலும் சந்தையில் மின்விலை ஏறினாலும் அதன் அதிர்வு நம் வீட்டு விளக்கு வரை வரும். 2024 மே மாதத்தில் மாநிலத்தின் உச்சநேரத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்நாள்களில் மாலை வேளைகளில் பல இடங்களில் மின்மாற்றிகள் தாங்காமல் விநியோகம் தடைப்பட்டது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் 2012-ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோவையின் சிறுபட்டறைகள் அன்று டீசல் ஜெனரேட்டருக்குக் கொடுத்த விலை, இலாபத்தைத் தின்றது.

வாயு எவ்வாறு பிறக்கிறது?

காற்றுப் புகாத கலனுக்குள் ஈரக்கழிவை இட்டால், நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதலில் மாவுப்பொருளும் புரதமும் கொழுப்பும் கரைந்து சிறு மூலக்கூறுகளாகின்றன. பின்னர் அவை அமிலங்களாகின்றன. இறுதியாக மீத்தேன் ஆக்கிகள் எனப்படும் தொன்மையான நுண்ணுயிர்கள் அவ்வமிலத்தை உண்டு வாயுவை வெளியிடுகின்றன. வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ 55 முதல் 65 விழுக்காடு வரை மீத்தேன். எஞ்சியதில் பெரும்பங்கு கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் நாற்றத்துக்கும், பின்னர் நாம் பார்க்கப்போகும் எஞ்சின் கோளாறுகளுக்கும் இந்தக் கடைசிப் பொருளே காரணம்.

அமிலம் ஆக்குவோர் விரைந்து பெருகுபவர். அமிலம் உண்போர் மெல்லப் பெருகுபவர். எரிவாயுக் கலனின் நலமும் கேடும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியுள்ளன. அளவுக்கு மீறிக் கழிவைக் கொட்டினால் அமிலம் குவிந்து, உண்போர் செயலிழந்து, கலன் 'புளித்து'விடும். வாயுவும் நின்றுபோகும். அதனால்தான் தொடக்கத்தில் மாட்டுச்சாணக் கரைசலை நிரப்பி, நுண்ணுயிர்கள் நிலைபெற்றபின் கழிவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். 30 முதல் 38 பாகை செல்சியசு வெப்பம் இவற்றுக்கு மிகவும் உகந்தது. ஐரோப்பியர் கலனைச் சூடாக்கவே தங்கள் வாயுவில் ஒரு பங்கைச் செலவிடுகின்றனர். திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ அச்செலவு இல்லை. கதிரவன் நமக்கு அளிக்கும் இந்தச் சலுகையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இத்தொழில்நுட்பம் இந்தியாவுக்கு மிகப் பழையது. 1897-ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் கழிவிலிருந்து பெற்ற வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது. 1950-களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்த மிதக்கும் மூடிக் கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஏற்றுப் பரப்பியது. 1984-இல் செலவு குறைந்த 'தீனபந்து' என்னும் செங்கற்குவிமாட வடிவம் வந்தது. ஆயினும் இவை யாவும் சாணத்தையும் அடுப்பையும் கருதி எழுந்தவை. மின்சாரம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது வேறோர் ஊரில்.

புரா கிராமம் கற்பித்தது

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் குனிகல் வட்டத்தைச் சேர்ந்த புரா ஒரு சிற்றூர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்யா ரெட்டி தொடங்கிய 'அஸ்திரா' என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு, அவ்வூருக்கு ஒரு சமுதாய எரிவாயுக் கலனை அமைத்துத் தந்தது. முதல் நோக்கம் சமையல். ஆனால் ஊரின் சாணம் முழுவதையும் சேர்த்தும் எல்லா வீட்டு அடுப்புக்கும் வாயு போதவில்லை. திட்டம் தளர்ந்தது. ஆய்வாளர்கள் ஊராரிடம் மீண்டும் சென்று, உங்களுக்கு முதலில் வேண்டியது என்ன என்று கேட்டனர். ஊரார் கேட்டது குடிநீர்.

1987 முதல் அவ்வாயு ஒரு சிறு டீசல் எஞ்சினுக்குள் செலுத்தப்பட்டது; எஞ்சின் 5 கேவிஏ ஜெனரேட்டரை இயக்கியது; அம்மின்சாரம் ஆழ்குழாய்க் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருக்குழாய்களில் இறக்கியது; மாலையில் வீடுகளுக்கு விளக்கேற்றியது. புரா மின்கம்பியே எட்டாத ஊர் அன்று. கம்பி வந்திருந்தது; ஆனால் அதில் வந்த மின்சாரம் நம்பத்தக்கதாக இல்லை. ஊரின் கலன் தந்த வெளிச்சம் குறித்த நேரத்தில் வந்தது, குறித்த நேரம்வரை நின்றது. சாணம் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்குச் சிறு கூலியும், செரித்த சாணக்குழம்பில் அவரவர் பங்கும் திருப்பித் தரப்பட்டன. குழம்பில் பயிர்ச்சத்து குறையாததால் உழவருக்கு இழப்பு இல்லை. பணம் வசூலித்ததும் கணக்கு வைத்ததும் எஞ்சினை இயக்கியதும் ஊராரே.

இந்த எடுத்துக்காட்டைப் பலரும் தொழில்நுட்ப வெற்றியாகவே கூறுவர். அது கணக்கு வைப்பின் வெற்றி என்பதே என் கருத்து. யார் எவ்வளவு தந்தார், யாருக்கு என்ன வந்தது என்பது எழுதப்பட்டிருந்ததால் அது பல ஆண்டுகள் நடந்தது.

திருவனந்தபுரத்தின் சொந்த அனுபவம்

புராவில் சாணம். நகரத்திலோ மிஞ்சிய சோறும் மீன் கழிவும் காய்கறித் தோலும். இவ்வேறுபாட்டைத் தொழிலாக்கியவர்களுள் முன்னோடி, 1994-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற 'பயோடெக்' நிறுவனம். சாஜி தாசு இயக்குநராக நடத்திய இந்நிறுவனம், உணவுக் கழிவுக்கென்றே சிறிய வீட்டுக் கலன்களை உருவாக்கியது. 2007-இல் இலண்டனில் வழங்கப்பெறும் ஆஷ்டன் விருது இதற்குக் கிடைத்தபோது, 12,000 வீட்டுக் கலன்களும் 220 நிறுவனக் கலன்களும், சந்தைக் கழிவைக் கொண்டு ஜெனரேட்டர் இயக்கும் 17 கலன்களும் அமைக்கப்பட்டிருந்தன.

அவ்வெண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாயிரம் வீடுகள் வாயுவை அடுப்பில் எரித்தன. பதினேழு இடங்களில் மட்டுமே அது மின்சாரமாயிற்று. இவ்விகிதம் தற்செயலாக அமைந்ததன்று. சிறு கணக்கு ஒன்று இதை விளக்கும்.

ஒரு கன மீட்டர் எரிவாயுவில் ஏறத்தாழ 6 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் உள்ளது. அது 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். அதே வாயுவைச் சிறிய எஞ்சினில் எரித்தால் நான்கில் ஒரு பங்குகூட மின்சாரமாகக் கிடைப்பது அரிது, 1.2 யூனிட் கிடைத்தால் நன்று. எஞ்சியது சூடாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். பெரிய எஞ்சின்களில் 2 யூனிட் வரை எடுக்கலாம். அவை வீட்டுக்கு உரியவை அல்ல.

நான்கைந்து பேர் கொண்ட வீட்டில் நாளொன்றுக்கு 2 கிலோ ஈரக்கழிவு என்று வைத்துக்கொள்வோம். சோறு, குழம்பு போன்ற சமைத்த மிச்சம் கலந்திருந்தால் அதிலிருந்து 0.2 கன மீட்டர் வாயு வரும். இதை மின்சாரமாக்கினால் கால் யூனிட். நான்கு எல்இடி விளக்குகள் ஆறு மணி நேரம் எரியும் என்று காகிதத்தில் எழுதலாம். ஆனால் கடையில் கிடைக்கும் 1 கிலோவாட் எஞ்சின் அந்த வாயுவைக் கால் மணி நேரத்தில் குடித்துவிடும். மாறாக, அதை அடுப்பில் எரித்தால் அரை மணி நேரத்துக்கு மேல் சமைக்கலாம். அவ்வளவு சமையலை மின்காந்த அடுப்பில், அதாவது நாம் இன்டக்சன் என்று வழங்கும் அடுப்பில், செய்திருந்தால் முக்கால் யூனிட் மின்சாரம் ஆகியிருக்கும். கால் யூனிட் ஆக்குவதை விட முக்கால் யூனிட் தவிர்ப்பது மும்மடங்கு இலாபம். அதுவும் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையிலான உச்சநேரத்தில் தவிர்த்தால், தெருவின் மின்மாற்றிக்கே அது உதவியாகும். மின்தடையின் வேர் பெரும்பாலும் அந்த நான்கு மணி நேரத்தில் இருக்கிறது.

ஆகவே வீட்டைப் பொறுத்தவரை விடை தெளிவு: வாயு அடுப்புக்கு; விளக்குக்கு இன்வெர்ட்டரோ கூரைச் சூரியத் தகடோ. இரண்டும் ஒன்றையொன்று போட்டியாகக் கருத வேண்டியதில்லை.

பணக்கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேற்சொன்ன வீடு மாதத்துக்கு 2.7 கிலோ சமையல் எரிவாயுவை மிச்சம்பிடிக்கும். ஆண்டுக்கு 32 கிலோ; அதாவது 14.2 கிலோ சிலிண்டர் இரண்டேகால். சிலிண்டர் 900 ரூபாய் என்று கொண்டால் சுமார் 2,000 ரூபாய். கலனுக்கு 20,000 ரூபாய் செலவானால் முதல் திரும்பப் பத்தாண்டு ஆகும். எரிவாயுச் செலவைக் குறைப்பதற்காக மட்டும் இதை வாங்குவோர் ஏமாற்றம் அடைவர். கழிவை வீட்டைவிட்டு வெளியேற்றும் தொல்லையும் கூலியும் நீங்குவதையும், மாடித் தோட்டத்துக்கு நாள்தோறும் கிடைக்கும் உரநீரையும் மதிப்பில் சேர்ப்போருக்கே இது பொருந்தும். அடுத்தடுத்த இரண்டு மூன்று வீடுகள் ஒரே கலனுக்குக் கழிவு தந்தால் காலம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். கஞ்சித் தண்ணீரும் அரிசி களைந்த நீரும் மீன் கழுவிய நீரும் வாயுவைக் கூட்டும். தண்ணீருக்கு மாற்றாக இவற்றையே ஊற்றுவது கேரள வீடுகளில் பலரும் கண்டறிந்த சிக்கனம்.

விடுதி, சந்தை, மண்டபம்

அளவு பெருகும்போது கணக்கு மாறுகிறது. 300 பேர் உண்ணும் விடுதியை எடுத்துக்கொள்வோம். தலைக்கு 200 கிராம் வீதம் 60 கிலோ கழிவு, 6 கன மீட்டர் வாயு, 2.7 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. வணிகச் சிலிண்டரின் எரிவாயு கிலோ 95 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 255 ரூபாய். அதே வாயுவை மின்சாரமாக்கினால் 7 யூனிட். மின்வாரிய விலை யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் 63 ரூபாய்தான். இங்கும் அடுப்பே வெல்கிறது.

ஆனால் மின்தடை ஏற்பட்ட நேரத்தில் விடுதி வாங்குவது மின்வாரிய மின்சாரத்தை அன்று, டீசல் மின்சாரத்தை. சிறு ஜெனரேட்டரில் ஒரு யூனிட்டுக்கு மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் டீசல் எரியும். யூனிட் விலை 33 ரூபாய்க்குக் குறையாது. அந்த நேரத்தில் வாயுவின் 7 யூனிட், 230 ரூபாய் பெறும். அடுப்பின் மதிப்பை ஏறத்தாழ எட்டிவிட்டது. மின்சாரத்தின் விலை அது கிடைக்கும் நேரத்தைப் பொறுத்தது. எரிவாயுவின் சிறப்பு, அது நேரத்துக்காகக் காத்திருக்கும் என்பது. சூரியத் தகடு நண்பகலில் தருவதை அப்போதே கொள்ள வேண்டும், இல்லையேல் விலையுயர்ந்த மின்கலத்தில் சேமிக்க வேண்டும். எரிவாயுக் கலனின் குவிமாடமோ தானே ஒரு சேமிப்பு. 6 கன மீட்டர் வாயு 3 கிலோவாட் எஞ்சினை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் இயக்கும். தண்ணீர் மோட்டார், படிப்பறை விளக்குகள், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு அது போதும்.

எனவே நிறுவனங்களுக்கு ஏற்ற முறை இது: வழக்கமான நாளில் வாயு அடுப்புக்குப் போகட்டும், எஞ்சின் மின்தடைக்கெனக் காத்திருக்கட்டும். அதுவும் வாரத்துக்கு ஒருமுறையேனும் கால் மணி நேரம் ஓட்டப்பட வேண்டும். ஓடாத எஞ்சின் தேவைப்படும் நாளில் ஓடாது.

காய்கறிச் சந்தை, மீன் சந்தை ஆகியவற்றில் நிலை வேறு. அங்கே சமையலறை இல்லை. வாயுவை எரிக்க அடுப்பு இல்லை. ஆனால் விளக்கு வேண்டும், தண்ணீர் மோட்டார் வேண்டும். ஆகவேதான் அந்தப் பதினேழு இடங்களும் சந்தைகளாக அமைந்தன. நாளொன்றுக்கு 500 கிலோ சந்தைக் கழிவு சேர்ந்தால், காய்கறியில் நீர்ப்பதம் மிகுதி என்பதால் கிலோவுக்கான வாயுவைக் குறைத்துக் கணக்கிட்டும், 30 கன மீட்டருக்கு மேல் கிடைக்கும். சுமார் 40 யூனிட். 5 கிலோவாட் ஜெனரேட்டரை எட்டு மணி நேரம் இயக்கலாம். சென்னை கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவைக் கையாளும் திறனோடு இதே கருத்து பேரளவில் செயற்படுத்தப்பட்டது. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை எச்சம் மின்சாரமாயிற்று. இந்தோரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 550 டன் ஆலை மின்சாரத்தை விடுத்து, வாயுவைத் தூய்மையாக்கி அழுத்திப் பேருந்துகளுக்கு எரிபொருளாக்குகிறது. அளவு பெருகப் பெருக, மின்சாரத்தைவிட வாகன எரிபொருளே மிகுந்த விலை பெறுகிறது என்பதற்கு அது சான்று.

திருமண மண்டபங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ணூறு இலை போடும் மண்டபத்தில் ஒரே பகலில் 120 கிலோ கழிவு சேரும். இதைக் கண்டு பெரிய கலனுக்குத் திட்டமிடுவோர் உண்டு. ஆனால் மாதத்தில் ஆறேழு முகூர்த்த நாள்தான். சிங்கத்தில் நெரிசல், கர்க்கடகத்தில் மண்டபம் பூட்டிக் கிடக்கும். நம் வயிற்றைப் போலவே நுண்ணுயிர்களுக்கும் ஒருநாள் விருந்து, ஒருமாதம் பட்டினி என்பது ஒவ்வாது. விருந்தன்று புளிக்கும்; பட்டினியில் வாயு வற்றும். வாழையிலையின் நார் வேறு மெல்லச் செரிப்பது. அதை நறுக்கி உரக்குழிக்கு அனுப்புவதே முறை. மண்டபத்தார் அருகிலுள்ள உணவகத்தோடோ விடுதியோடோ சேர்ந்து கலன் அமைத்து, அன்றாட ஊட்டத்தை அங்கிருந்து பெற்று, விருந்துக் கழிவைச் சில நாள்களுக்குப் பகிர்ந்து இடலாம். தனியாக வேண்டாம்.

பராமரிப்பில் தவறுவது எங்கே?

கைவிடப்பட்ட கலன்களைப் பார்த்தவர்கள், தொழில்நுட்பத்தையே குறை கூறுவர். காரணம் பெரும்பாலும் எளியது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், சிரட்டை ஆகியவை கலனுக்குள் போகக்கூடாது. சோப்பு நீரும் பினாயிலும் போகவே கூடாது. பினாயில் கிருமிகளைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது. கலனுக்குள் இருப்பவையும் நுண்ணுயிர்கள்தாம். புளித்துப்போன கலனுக்கு மருந்து, சில நாள் ஊட்டத்தை நிறுத்திச் சாணக் கரைசல் ஊற்றுவது.

எஞ்சின் வைத்திருப்போருக்கு ஹைட்ரஜன் சல்பைடு தனிப் பகை. அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இரும்புத் துருவல் நிரப்பிய வடிகட்டியின் வழியே வாயுவைச் செலுத்தினால் அது இரும்போடு வினைபுரிந்து தங்கிவிடும். துருவலைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். விலைப்புள்ளியில் இந்த வடிகட்டி இல்லாத எஞ்சினை வாங்காதீர்கள்.

மிதக்கும் மூடிக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே உள்ள வளைய இடைவெளியில் நீர் தேங்கும். டெங்குக் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துபோகும் நகரத்தில் அது சிறு செய்தியன்று. கொசுவலைத் துணியால் அவ்விடைவெளியை மூடுவது சில ரூபாய்ச் செலவு. பலரும் செய்வதில்லை.

காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்தால் ஒரு தீப்பொறி போதும். கலனைத் திறந்த வெளியிலோ நல்ல காற்றோட்டமுள்ள மாடியிலோ வைக்க வேண்டும்; இரப்பர்க் குழாயை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். பெரிய கலனுக்குள் எக்காரணம் கொண்டும் எவரையும் இறக்கக்கூடாது. உள்ளிருக்கும் நச்சுவாயு ஓரிரு மூச்சில் உயிரைப் பறிக்கும். அடைப்பு நீக்க இறங்கியவரும், அவரைக் காக்க இறங்கியவரும் சேர்ந்து மாண்ட நிகழ்ச்சிகள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் செய்தியாகின்றன.

கடனும் மானியமும்

இந்திய ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறை நெறிமுறைகளில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி தனியே இடம்பெற்றுள்ளது. தனிக் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடன் அவ்வகையில் சேரும். வீட்டுக் கலனின் விலை இதில் மிகச் சிறு பகுதியே. 2020-இல் திருத்தப்பட்ட நெறிமுறைகள் அழுத்தப்பட்ட எரிவாயு ஆலைகளையும் முன்னுரிமைத் துறைக்குள் கொண்டுவந்தன. மைய அரசின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில், சிறு கலன்களுக்கும் 3 முதல் 250 கிலோவாட் வரையிலான எரிவாயு மின்னாக்கிகளுக்கும் உதவித்தொகை வகுக்கப்பட்டது. கேரளத்தில் சுசித்வ மிஷனும் உள்ளாட்சி அமைப்புகளும் வீட்டுக் கலன்களுக்கு மானியம் வழங்கி வந்துள்ளன. மானிய அளவும் காலவரம்பும் அவ்வப்போது மாறுபவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் உங்கள் வார்டு அலுவலகத்திலும் வங்கிக் கிளையிலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மானியம் பின்னர் வரும் என்று எண்ணி முழுத்தொகைக்கும் கடனை நீட்டாதீர்கள். வராவிடினும் தவணை கட்ட இயலுமா என்று முதலில் பாருங்கள்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்களைப் பெருங்கழிவாளர் என வகைப்படுத்தி, ஈரக்கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே தீர்க்கும் பொறுப்பை அவர்கள்மேல் வைத்தன. இத்தகையோருக்குக் கலன் என்பது விருப்பச் செலவாக இராமல் கடமைச் செலவாகிறது. அந்நிலையில் அதன் வருவாயை, ஒன்றும் செய்யாமல் இருப்பதோடு ஒப்பிடக்கூடாது; கழிவை அகற்ற மாதந்தோறும் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட வேண்டும். மேற்கூறிய விடுதிக்கு 3 லட்சம் ரூபாயில் கலன் அமைந்தால், ஆண்டில் 300 நாள் இயங்கி 76,500 ரூபாய் எரிவாயு மிச்சமாகும். பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கினாலும் ஐந்தாண்டுக் கடனுக்கு அது பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஒப்பந்தக் கூலி மிச்சம் அதற்கு மேல்.

கிளைக்கு வருமுன் ஒரு வேலை உண்டு. ஒரு மூடிய வாளியும் ஒரு தராசும் எடுத்து, தொடர்ந்து பதினான்கு நாள் உங்கள் ஈரக்கழிவை எடைபோட்டு எழுதுங்கள். சமைத்த மிச்சம் தனி, பச்சைத் தோல் தனி, கலனுக்கு ஒவ்வாதவை தனி. ஞாயிற்றுக்கிழமையும் ஏகாதசியும் விடுமுறையும் அந்தப் பதினான்கு நாளுக்குள் வந்துவிடும். விற்பனையாளர் சொல்லும் கொள்ளளவை அந்தத் தாளில் உள்ள சராசரியோடு ஒப்பிடுங்கள். சராசரிக்கு மேற்பட்ட கலனை யார் பரிந்துரைத்தாலும் காரணம் கேளுங்கள். கடன் விண்ணப்பத்தோடு அந்தத் தாளையும் இணைத்தால், கிளை மேலாளருக்கும் உங்களுக்கும் இடையேயான உரையாடல் பாதி அங்கேயே முடிந்துவிடும்.